முதுகுக்குச் சொன்னது

லிஃப்ட்காரருக்குக் காது ரொம்பக் கூர்மை. பழுதுபார்க்க எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் கீழ்த்தளத்திலேயே நின்று கண்ணை மூடிக்கொள்வார். மேலே போகிற லிஃப்டின் சத்தத்தை வைத்தே எந்த மாடியில் உருளை தேய்ந்திருக்கிறது, எந்தக் கதவு முரண்டு பிடிக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட காதை வைத்துக்கொண்டு, மனுஷர் சொந்த மனைவி பேசியதை உருப்படியாகக் கேட்டதே இல்லை என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். எல்லாம் அவருடைய பெட்ரோல் வண்டி செய்த வேலை.

கல்யாணமான புதிதில் வாங்கிய வண்டி அது. உதைத்துக் கிளப்பினால் தெருக்கோடி வரைக்கும் தெரியும். எதிர்வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டு அழும், கீழ்வீட்டு ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும். அவர் அதைச் சத்தம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வண்டியின் நாடி என்பார். காலையில் அந்த நாடியைக் கேட்டால்தான் அவருக்கு வேலை ஓடும். அந்த வண்டி அவர் மனைவிக்குக் கொடுத்த பரிசு, கெண்டைக்காலில் சைலன்ஸர் சுட்ட ஒரு தழும்பு. அது இன்னும் மாறவில்லை.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை செய்தாள். லென்ஸைத் தேய்த்து, ஃப்ரேமுக்குள் நெருடாமல் உட்கார வைக்கிற வேலை. காலையில் அவளைக் கடையில் இறக்கிவிட்டுவிட்டுத்தான் அவர் தன் வேலைக்குப் போவார். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்ததால் வீட்டில் இவர்கள் இரண்டே பேர். வீட்டில் அவர் பேசுகிற பேச்சை ஒரே எழுத்தில் அடக்கிவிடலாம். "ம்." சாப்பாடு நல்லாருக்கா என்றால் "ம்." மழை வரும்போல இருக்கு என்றாலும் "ம்."

பயணத்திலும் அதே கதைதான். அவள் பின்னால் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டே வருவாள். பக்கக் கண்ணாடியில் உதடு அசைவது தெரியும். ஹெல்மெட், இஞ்சின், எதிர்க்காற்று எல்லாம் சேர்ந்து அவர் காதில் ஒரே இரைச்சலாகத்தான் விழும். அவர் பாட்டுக்குத் தலையை ஆட்டி ஒரு "ம்" போட்டுவிடுவார். தான் பேசுவது அவருக்கு எட்டாது என்று அவளுக்கும் தெரியும். முதலில் அதில் அவளுக்குக் கோபம் வந்தது, பிறகு பழகிப்போனது, கடைசியில் அதுவே வசதியாகவும் ஆகிவிட்டது.

ஒருநாள் நடுரோட்டில் அந்த வண்டி நின்றது. பட்டறைக்காரர் இஞ்சினைப் பிரித்துப் பார்த்து, பிஸ்டன் சிக்கி உள்ளே சுவரெல்லாம் கீறிவிட்டது, இந்த மாடலுக்கு இப்போது பாகம் வருவதில்லை என்று உதட்டைப் பிதுக்கிவிட்டார். லிஃப்ட்காரர் வீட்டுக்கு வந்து எழவு விழுந்த மாதிரி உட்கார்ந்தார். அப்போதுதான் மனைவி, இந்தத் தடவை சார்ஜ் போடுகிற வண்டியாக வாங்கிவிடலாம் என்றாள். மறுத்துப் பேச நாலு வார்த்தையாவது வேண்டுமே, அது அவரிடம் இல்லை. "ம்" என்றார். புதுவண்டி வந்துவிட்டது.

வந்த அன்றே அவமானம். பழைய வண்டியில் இடதுகைப் பக்கம் இருப்பது கிளட்ச். இதில் அதே இடத்தில் பிரேக். சிக்னலை நெருங்கும்போது பழக்கதோஷத்தில் கிளட்ச் என்று நினைத்து அதை இறுக்கிப் பிடித்தார். வண்டி சடக்கென்று நிற்க, மனைவி அவர் முதுகில் மோதி, ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் இடித்துக்கொண்டன. இடதுகால் கியரைத் தேடித் தேடி வெறும் காற்றை மிதித்தது. ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாத வண்டி. தெருநாய்கூட எழுந்து வழிவிடவில்லை. வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் அதற்கு 'மிக்ஸி' என்று பெயர் வைத்தார்கள். பேட்டரியைக் கழற்றி மாடிக்குத் தூக்கிவந்து ஃப்ரிட்ஜ் பக்கத்தில் வைத்து சார்ஜ் போடவேண்டும். வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி அது பாட்டுக்குப் பச்சை விளக்கு எரியவிட்டு உட்கார்ந்திருக்கும். அவர் அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முறைத்துவிட்டுப் போவார்.

இரண்டாம் நாள் காலையில்தான் அது நடந்தது. வண்டி தெருமுனை திரும்பி நேர்சாலையில் ஏறியதும், பின்னாலிருந்து தெளிவாக ஒரு குரல் கேட்டது.

"யோவ், மெதுவாப் போய்யா. பறந்து போய் என்னத்தைப் பிடிக்கப் போற?"

பக்கத்தில் வேறு யாரையோ யாரோ திட்டுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். பக்கக் கண்ணாடியைப் பார்த்தால் அசைவது மனைவியின் உதடு. வீட்டில் "என்னங்க, நீங்க, வாங்க, போங்க" தவிர வேறு சொல் வாயில் வராத அதே மனைவி. அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அவள் நிறுத்தவில்லை. ராத்திரி அவர் விட்ட குறட்டையைச் சொன்னாள். அவருடைய அக்கா போனமுறை வந்து தங்கியபோது சமையலறையைத் தலைகீழாக மாற்றிவைத்துவிட்டுப் போனதைச் சொன்னாள். பிறகு குழாய்க்கு வந்தாள். "ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் சரி பண்ணுவ. நம்ம வீட்டுக் கொழாய் மாசக்கணக்கா ஒழுகுது, அது உன் கண்ணுக்குத் தெரியுமா?" என்றாள். கடை வந்தது. இறங்கினாள், ஹெல்மெட்டைக் கழற்றினாள், முடியைச் சரிசெய்தாள். "பாத்துப் போயிட்டு வாங்க" என்று வெல்லம்போலச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எனக்குக் கேட்கிறது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பக்கத்துவீட்டுச் சண்டையை ஜன்னலோரம் நின்று கேட்கிற ருசி கொஞ்சம், சொல்லிவிட்டால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாளோ என்கிற பயம் கொஞ்சம். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் வாயைத் திறக்காமல் ஸ்பானரை எடுத்துக் குழாயைக் கழற்றி வாஷரை மாற்றினார். அவள் வாசலில் நின்று பார்த்தாள். குழாயைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, வேறு வேலையைக் கவனிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலை முதுகுக்குச் செய்தி வந்தது: அந்தப் பச்சைச் சட்டையைப் போட்டால் அவர் கிழவர் மாதிரி இருக்கிறாராம். பச்சைச் சட்டை பீரோவின் அடித்தட்டுக்குப் போனது. அடுத்து, மகளிடம் அப்பாவாகப்பட்டவர் ஒருநாளாவது தானே போன் செய்து பேசியதுண்டா என்று வந்தது. அன்று சாயங்காலமே அவர் போன் செய்தார். மகள் பயந்துபோய், "அம்மாவுக்கு ஏதாவது ஆச்சாப்பா?" என்று கேட்டாள். இப்படியே சில வாரம் ஓடியது. தான் மகா சாமர்த்தியசாலி என்று அவருக்கு நினைப்பு.

ஆனால் கேட்கிற காதுக்கு எல்லாமே இனிப்பாக வந்து விழுமா? ஒருநாள் அவள் திட்டவில்லை, கிண்டல் செய்யவில்லை. சாதாரணமாக, கடைக்கு வந்த யாரையோ பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்: "உன்னோட இருக்கிறதும் தனியா இருக்கிறதும் எனக்கு ஒண்ணாத்தான்யா இருக்கு." அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று முழுக்க வேலையில் கை ஓடவில்லை. எதற்கு இந்த ஊமை வண்டியை வாங்கினோம், பழைய வண்டி இருந்திருந்தால் நிம்மதியாக "ம்" போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாமே என்று இருந்தது.

பட்டறைக்காரரும் பார்த்து அந்த வாரம்தான் போன் செய்தார். எங்கேயோ பழைய சரக்குக் கடையில் அந்த மாடல் பிஸ்டன் செட் ஒன்று மாட்டியிருக்கிறதாம், இஞ்சினைச் சரிசெய்துவிடலாமாம். லிஃப்ட்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சனிக்கிழமை வந்து வண்டியை ஒப்படைக்கிறேன் என்றார். இறங்கிப்போய், வண்டி நிறுத்துமிடத்தில் உறை போர்த்திக் கிடந்த பழையதைத் தட்டிக்கொடுத்துவிட்டும் வந்தார். புதியதைக் கடைகண்ணிக்கு வைத்துக்கொள்ளலாம், காலைப் பயணத்துக்கு இதுதான் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை வருவதற்குள், ஒரு காலையில் பின்னாலிருந்து பேச்சே வரவில்லை. பெரிய சிக்னல் வரைக்கும் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று கண்ணாடியில் பார்த்தார். அவள் சாலையைப் பார்க்கவில்லை, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு விளக்கு. சுற்றிலும் பெட்ரோல் வண்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. அந்த உறுமலுக்கு நடுவில் அவள் குரல் தாழ்ந்து, அவர் தோளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது.

"மார்ல ஒரு கட்டி இருக்கு. குளிக்கும்போது கையில தட்டுப்பட்டுது. எங்க அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அவ யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்து வச்சிருந்து, கடைசியில அவளைத் தூக்கிக் குடுத்தோம். நானும் இன்னும் யார்கிட்டயும் சொல்லலை."

விளக்கு பச்சையாகிவிட்டது. பின்னால் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். அவருக்கு எந்தக் கையில் பிரேக், எந்தக் கையில் ஆக்ஸிலரேட்டர் என்று ஒரு கணம் மறந்தே போயிற்று. கடை வாசலில் அவள் இறங்கி, சாயங்காலம் வரும்போது சோப்பு வாங்கி வரச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

அன்றைக்கு ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் வேலை. லிஃப்ட் ஓடுகிற குழிக்குப் பக்கத்தில் நின்று வழக்கம்போலக் கண்ணை மூடினார். ஒன்றுமே கேட்கவில்லை. மனைவியின் அக்கா முகம்தான் வந்து வந்து போனது. கடைசியில் எவ்வளவு இளைத்துப்போயிருந்தாள். அவளுடைய புருஷன் எல்லோரிடமும் ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார், எனக்குத் தெரியாதே, எனக்குத் தெரியாதே என்று. தனக்கு அந்தச் சாக்கும் இல்லை என்பது லிஃப்ட்காரருக்கு உறைத்தது.

சாயங்காலம் சோப்பை மறந்துவிட்டு வந்தார். அவள் எதிரில் போய் உட்கார்ந்தார். உடம்புக்கு எப்படி இருக்கு என்று கேட்டார். கேட்டவருக்கே அது யாரோ கேட்டதுபோல இருந்தது. எனக்கென்ன குறைச்சல், கல்லு மாதிரி இருக்கேன் என்று சொல்லிவிட்டு அவள் எழுந்துபோனாள். போகும்போது வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்றமாதிரி இருந்தது. நின்றவளைக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. அந்தக் குழப்பத்தில் பேட்டரியை மேலே கொண்டுவந்து சார்ஜில் போடவும் மறந்துபோனார்.

காலையில் வண்டியைத் திறந்தால் சார்ஜ் கால்வாசிக்கும் கீழே. பெட்ரோல் வண்டி என்றால் ரிசர்வுக்குக் குழாயைத் திருப்பிவிட்டு, அடுத்த பங்க்கில் ஊற்றிக்கொள்ளலாம். இதில் ரிசர்வும் கிடையாது, பாட்டிலில் வாங்கி ஊற்றவும் முடியாது. அவளைக் கூட்டிப்போக நினைத்த ஆஸ்பத்திரியோ ஊரின் மறுகோடியில். அவர் ஒன்றும் சொல்லாமல் கிளப்பினார். கடைக்குத் திரும்புகிற முனை வந்தது. திரும்பவில்லை, நேராகப் போனார். எங்கே போறீங்க என்று பின்னாலிருந்து கேள்வி வரும், என்ன சொல்வது என்று தவித்துக்கொண்டே போனார். கேள்வி வரவில்லை. அவள் கை மட்டும் வழக்கத்துக்கு மாறாக அவர் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது. சைக்கிள்காரர்கள் தாண்டிப் போக விட்டு, சார்ஜை மிச்சம் பிடித்து, மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். திரும்பி நிற்க அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

"எனக்குக் கேக்குது" என்றார். "வண்டி வந்த நாள்லேருந்து நீ பேசறது எல்லாம் கேக்குது. நான்தான் சொல்லலை."

"தெரியும்" என்றாள் அவள்.

அவருக்குப் புரியவில்லை.

"கொழாயை நீங்க சரி பண்ணப்பவே தெரியும். அப்புறம் சட்டையை வச்சு சோதிச்சுப் பார்த்தேன்." அவள் ஹெல்மெட்டின் பட்டையை முறுக்கிக்கொண்டே பேசினாள். "இதை உங்க மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரலை. முதுகுன்னா சொல்லிடலாம்னு தோணுச்சு. சொல்லிட்டுக் காத்திட்டிருந்தேன். நேத்து சாயங்காலம் நீங்க கட்டியைப் பத்திப் பேசாம இருந்ததும், சரி, காதுல விழலைபோலன்னு நினைச்சு..."

அவர் அவள் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டார். வாசல் காவலாளி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தவர், அருகில் வந்து, வண்டியில் சார்ஜ் இல்லையா என்று மட்டும் கேட்டார். தன் அறையில் டீ போடுகிற கெட்டிலைப் பிடுங்கிவிட்டு அந்தப் பிளக்கை இவர்களுடைய சார்ஜருக்குக் கொடுத்தார். முன்பின் தெரியாத அந்த மனுஷரை லிஃப்ட்காரர் பிறகு எத்தனையோ முறை நினைத்துக்கொண்டார். அவர்கள் உள்ளே இருந்த அத்தனை நேரமும் அந்தக் காவலாளிக்கு டீ இல்லை.

கெட்ட கட்டிதான். பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு டாக்டரம்மா அதை மறைக்கவில்லை. ஆனால் சின்னது, பரவுவதற்கு முன்னால் வந்துவிட்டீர்கள், எடுத்துவிட்டு மருந்து கொடுத்தால் சரியாகிவிடும் என்றார். இன்னும் நாலைந்து மாசம் தள்ளி வந்திருந்தால் தான் இப்படிப் பேசியிருக்க மாட்டேன் என்றும் சொன்னார். லிஃப்ட்காரர் வெளியே வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். இவ்வளவு நாளாக மிக்ஸி என்றும் ஊமை என்றும் ஏசிய அந்த வண்டியின் சீட்டில் கையை வைத்துக்கொண்டு, யார் பார்த்தால் என்ன என்று அழுதார்.

சனிக்கிழமை தாண்டியும் வண்டி வரவில்லையே என்று பட்டறைக்காரர் போன் செய்தார். பிஸ்டன் செட் வேண்டாம், வேறு யாருக்காவது உதவட்டும், அப்படியே பழைய வண்டியையும் பாகங்களுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் லிஃப்ட்காரர். பட்டறைக்காரருக்கு மயக்கமே வந்துவிட்டது. வண்டியின் நாடி என்பீரே, இப்போது என்ன வந்தது என்று கேட்டார். அதைக் கேட்டது போதும் என்றார் இவர்.

ஆபரேஷன் நடந்தது. மகள் லீவு போட்டுக்கொண்டு வந்து இருந்துவிட்டுப் போனாள். முடி கொட்டி, சாப்பாடு பிடிக்காமல், மனைவி பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. வண்டியில் ஏறலாம் என்று டாக்டரம்மா சொன்னபிறகு, ஆஸ்பத்திரிக்குப் போக்குவரத்தெல்லாம் அதில்தான். பழைய வண்டியாக இருந்திருந்தால் அதன் ஆட்டத்துக்குத் தையல் போட்ட இடத்தில் உயிர் போயிருக்கும். பெட்ரோல் வாடைக்கே அவளுக்குக் குமட்டியிருக்கும். இது அலுங்காமல் குலுங்காமல் போனது. வேகத்தடை வந்தால் அவர் காலை ஊன்றி, நடக்கிற வேகத்தில் தாண்டுவார். தெம்பு இருக்கும் நாட்களில் அவள் பேசுவாள். இல்லாத நாட்களில் தலையை அவர் முதுகில் சாய்த்துக்கொள்வாள். கேட்கிறது என்று தெரிந்தபிறகு பேச்சு குறைந்துவிடுமோ என்று அவர் பயந்தது வீண். அவருடைய அக்காவைப் பற்றிய பகுதி மட்டும் கொஞ்சம் மரியாதையாக வந்தது.

எல்லாம் முடிந்து, மறுபடி பரிசோதித்து, ஒன்றும் இல்லை, தைரியமாக வேலைக்குப் போங்கள் என்று டாக்டரம்மா சொன்ன நாள் வந்தது. திரும்பும் வழியில் அவள் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். லிஃப்ட்காரருக்குச் சொல்ல நிறைய இருந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கும் வராது. முன்னால் போகிற சாலையைப் பார்த்துக்கொண்டு, ஹெல்மெட்டுக்குள்ளேயே ஆரம்பித்தார்.

"அன்னைக்கு நீ சொல்லலேன்னா என்ன ஆயிருக்கும்னு நினைச்சா எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது. எவ்வளவு வருசம் பேசியிருப்ப. எல்லாம் காத்தோட போச்சு, நான் ஒண்ணும் கேக்கலை. இருந்தும் என்னை நம்பி என்கிட்டதான் சொன்ன பாரு. நான் குடுத்து வச்சவன். உனக்குத்தான் நான் சரியா அமையலை. இனிமேலாவது இருப்பேன்."

சொன்ன மறுகணமே அவருக்குக் கூச்சம் வந்துவிட்டது. அதை மூடுவதற்கு எதையாவது சொல்லவேண்டுமே என்று, "அப்புறம், காப்பியில சர்க்கரை ஜாஸ்தி. கல்யாணம் ஆனதுலேருந்தே ஜாஸ்தி. சொன்னா வருத்தப்படுவியேன்னு சொல்லலை" என்று முடித்தார்.

பின்னாலிருந்து, "ம்" என்றது குரல்.

கண்ணாடியில் பார்த்தார். அவள் தெருவோரக் கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பின்னால் இருப்பவர் பேசினால் முன்னால் கேட்கும், முன்னால் இருப்பவர் பேசுவதைக் காற்று எங்கே கொண்டுபோகுமோ. தான் இத்தனை வருஷம் போட்டது என்ன மாதிரி "ம்" என்று அவருக்குத்தானே தெரியும். பரவாயில்லை, இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு வண்டியை ஓட்டினார்.

மறுநாள் காலை அவள் மறுபடி வேலைக்குக் கிளம்பினாள். காப்பியை அவர் முன்னால் வைத்துவிட்டு, ஃப்ரிட்ஜ் பக்கத்திலிருந்த பேட்டரியின் வயரைக் கழற்றப் போனாள். அவர் பழக்கத்தில் ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். இன்னொரு வாய் குடித்துப் பார்த்தார்.

சர்க்கரை பாதிதான் இருந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு காப்பி காப்பியாக இருந்தது. சர்க்கரையைப் பற்றிச் சொன்னது அவளுக்குக் கேட்டிருந்தால் அதற்கு முன்னால் சொன்னதும் கேட்டிருக்கும். டம்ளரைக் கீழே வைக்க மனமில்லாமல், கண் கலங்கிப்போய், அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் ஹெல்மெட்டோடு நின்ற அவள் திரும்பி, அவர் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"யோவ், நேரமாச்சு. வாய்யா" என்றாள்.

"வந்துட்டேம்மா" என்று அவர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.